லைன்மேன் அந்தோணிசாமியின் பாஸ்வேர்டு

சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் பிலவேந்திரன். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனை உடைத்துக்கொண்டு வருவதில்லை, பூட்டிக்கொண்டு வருகிறார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத் தொறந்துச்சுங்க, காலையில பாத்தா அதுவா மாறிடுச்சு" என்பார்கள். பாஸ்வேர்டு அதுவாக மாறாது. மனுஷன்தான் மறப்பான். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சொந்தமா வச்ச நாலு நம்பர ஞாபகம் வச்சிக்க முடியாத ஆளுக்குப் பூட்டு எதுக்குய்யா?" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். போன வருடத்திலிருந்து அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். அதற்குக் காரணம் அந்தோணிசாமி மாமா.

அவர் என் அக்கா ஆரோக்கிய ராணியின் வீட்டுக்காரர். கடலூர் கோண்டூரில் வீடு. தொலைபேசித் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்து, குழி தோண்டி, கம்பம் நட்டு, லைன்மேனாகி, முப்பத்தைந்து வருடம் கழித்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். கடலூர் எக்ஸ்சேஞ்சில் இருந்த நம்பர்களெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. டைரக்டரி புத்தகத்தை அவர் பிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே யாராவது வம்புக்கு இழுப்பார்கள். "துறைமுகத்து ஐஸ் கம்பெனி?" என்றால் சாம்பாரைப் பிசைந்தபடி நம்பரைச் சொல்லுவார். "சர்ச் சாமியார் வீடு?" சொல்லுவார். "டாக்டர் வைத்திலிங்கம் கிளினிக்?" கிளினிக்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டையும் சொல்லுவார். எழுதி வைப்பது அவருக்குப் பிடிக்காது. "எழுதி வச்சிப் பாக்கறவன் கணக்குப்பிள்ள. லைன்மேன் இல்ல" என்பார். கொஞ்சம் திமிர்தான். ஆனால் அந்தத் திமிர் அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

அக்காவை அவர் பிடித்ததும் ஒரு நம்பரால்தான். ஒரு புயலில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது அவரை மூன்று மாதம் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அப்போது அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த பூத் லைனைச் சரிசெய்யப் போனவர் லைன் சரியான பிறகும் நாலு தடவை போனார். கடலூருக்குத் திரும்பிய பிறகு, எந்தக் கம்பத்தில் ஏறினாலும் லைனில் வயரை மாட்டிப் பேசிப் பார்க்க இடுப்பில் தொங்கும் டெஸ்ட் போனை எடுத்து, துறையின் சர்வீஸ் லைன் வழியாக சிதம்பரம் பூத்துக்குப் போடுவார். "லைன் டெஸ்டிங். கேக்குதா?" என்பார். அக்கா "கேக்குது" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருடம் இப்படியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் எங்கள் அப்பாவிடம் பெண் கேட்டு வந்தார். "கேக்குதாங்கறதத் தவிர வேற ஏதாவது பேசத் தெரியுமா உங்களுக்கு?" என்று அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் கிண்டல் செய்வாள்.

அவர்களுக்கு ஒரே பையன் டேனி. தோகாவில் வேலை, அங்கேயே குடும்பம். மாமா ஓய்வு பெற்றதும் லீவில் வந்த டேனி, பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு போட்டான். ஹாலில் ஒரு கேமராவும் மாட்டினான். தோகாவிலிருந்து போனில் பார்த்தால் அப்பாவும் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பது தெரியும். வயதானவர்களைத் தனியாக விட்டிருக்கிற பிள்ளைகள் இப்போது எல்லோரும் செய்வதுதான். வைஃபைக்கு டேனி ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைத்தான். என் வீட்டிலானால் அதை தினசரி காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதி ஹாலில் மாட்டியிருக்கிறோம், கேஸ் சிலிண்டர்காரர் நம்பருக்குக் கீழே. மாமா அதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். "வாசக்கதவப் பூட்டிட்டு சாவிய கதவுலயே தொங்க வுடறியே மச்சான், நீயெல்லாம் ஒரு சர்வீஸ் கடைக்காரன்!"

அந்த சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அங்கேயே பங்கு மண்டபத்தில் இணையக் குற்ற விழிப்புணர்வு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வந்தவர் மூன்று விஷயம் சொன்னார். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது பாருங்கள். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமா அதை ஆபீஸ் உத்தரவாக எடுத்துக்கொண்டார். நான்தான் அவருக்கு ரௌட்டர் பக்கத்தைத் திறப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். அதற்கு இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் பாஸ்வேர்டு மாறும். பழைய லேண்ட்லைன் நம்பர்களில் ஒன்றை எஸ்டிடி கோடுடன் சேர்த்து வைப்பார். ஐந்து இலக்கமாக இருந்த நம்பர்களுக்கெல்லாம் இரண்டாயிரத்துக்குப் பிறகு முன்னால் ஒரு 2 சேர்த்தார்களே, அந்த 2-ஐயும் விடாமல் போடுவார். "இந்த வாரம் ஐஸ் கம்பெனி" என்று அக்காவிடம் சொல்லுவார். அடுத்த வாரம் அரிசி மில். அதற்கடுத்து சாமியார் வீடு. அந்த ஐஸ் கம்பெனியும் இல்லை, மில்லும் இல்லை, அந்த போன்களும் இல்லை. நம்பர் மட்டும் மாமாவிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் பிரமாதமான ஏற்பாடுதான். எந்தத் திருடனுக்கும் கிடைக்காது. அக்காவுக்கும் கிடைக்காது, அதுதான் பிரச்சினை.

ஒருநாள் காலை அக்கா கூப்பிட்டாள். "நெட் வரலடா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

பஸ் பிடித்துப் போனேன். மாமா ரௌட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போனில் ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்த்திருக்கிறார். எதுவும் எடுக்கவில்லை. "ரௌட்டர்ல கோளாறு மச்சான்" என்றார், என்னைப் பார்க்காமல். என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் அதே வார்த்தை. ஊசியை எடுத்து ரௌட்டருக்குப் பின்னால் உள்ள பொத்தானைப் பத்து நொடி அமுக்கி, எல்லாவற்றையும் அழித்து, கம்பெனிக்குப் போன் செய்து திரும்ப இணைப்பை வாங்கி, கேமராவையும் சேர்த்துக் கொடுத்தேன். "ஆமா மாமா, ரௌட்டர்தான் மக்கர் பண்ணுது" என்றேன்.

அந்த மாதம் மூன்று தடவை ரௌட்டர் மக்கர் பண்ணியது.

வைஃபை போகும்போதெல்லாம் கேமராவும் போகும். தோகாவில் டேனிக்குக் கறுப்புத் திரை தெரியும். உடனே அம்மாவைக் கூப்பிடுவான். "கரண்டு இல்லப்பா" என்பாள் அக்கா. "டிரான்ஸ்பார்மர் வெடிச்சிடுச்சாம்." "எலி ஒயரக் கடிச்சிடுச்சு." சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிற அளவுக்கு முப்பது வருடம் ஒரு பொய் சொல்லாதவள், எல்லாவற்றையும் அந்த ஒரு வருடத்தில் சொன்னாள். எதற்காக மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். மாமா மறப்பது பாஸ்வேர்டை மட்டும் இல்லை. ரேஷன் கடைக்குப் போனவர் நெல்லிக்குப்பம் சாலையில் வெகுதூரம் நடந்துபோய் நின்றிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நோய்க்குப் பெயரும் சொல்லிவிட்டார். டேனிக்குத் தெரிந்தால் அப்பாவை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்பது அவளுடைய பயம். "நான் பாத்துக்கறேன்டா. என்ன வுட்டுட்டு அவரு எங்கயும் போகக்கூடாது. நீ மட்டும் வாயத் தொறக்காத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் திறக்கவில்லை.

அப்புறம் திருடன் வந்தான். அதாவது, வந்ததாக மாமா சொன்னார். ரௌட்டர் பக்கத்தில் எத்தனை போன் இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதை அவர் தினமும் ரோந்து போகிற மாதிரி பார்ப்பார். அக்கா போன், டிவி, கேமரா. நாலாவதாக, பெயரில்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருந்தது. அது காலையிலும் இருந்தது, மத்தியானமும் இருந்தது. பக்கத்து வீட்டு மலர்க்கொடியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மலர்க்கொடியும் அக்காவும் இருபது வருடப் பழக்கம். கிறிஸ்மஸ் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்காது, பொங்கல் இந்த வீட்டுக்கு வராமல் இருக்காது. மாமா நடுத்தெருவில் நின்று, "எங்க நெட்ட எதுக்கும்மா திருடற? கேட்டா குடுக்க மாட்டனா?" என்று கத்தியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு இன்றுவரை எங்களுக்குத் திறக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். அந்த நாலாவது ஆள் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா கையில் இருந்த போன்தான் அது. புதுப் போன்கள் வைஃபையில் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாது, இப்படி ஏதாவது புரியாத ஒன்றைத்தான் காட்டும். அவர் போனின் வைஃபையை அணைத்தேன், பட்டியலில் நாலாவது காணாமல் போனது. போட்டேன், வந்தது.

"பாத்தீங்களா மாமா? திருடனெல்லாம் யாரும் இல்ல. இது நீங்கதான்."

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, மறுபடி அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். நாலைந்து தடவை அப்படியே செய்தார். பிறகு சின்னக் குரலில், "நாந்தானா?" என்றார். "அப்ப அந்தப் புள்ளய நான் நடுத்தெருவுல..." நான் அன்றைக்கு அவரிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். எதையாவது அமுக்கி, திருடனைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரிடமும் சொன்ன பொய்யோடு அதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் தன் போனின் பூட்டையும் மாற்றினார். போனுக்குள்ளேதான் கெட்டது ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். புதிதாக ஒரு நம்பர் வைத்தார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. விரல் ரேகை அவருக்கு எடுக்காது. கம்பியும் கயிறும் இழுத்துத் தேய்ந்த விரல்கள். மறுநாள் காலையில் அவருக்கும் நம்பர் தெரியவில்லை.

அதே வாரம் டேனி லீவில் வந்தான். கரண்டு இல்லை, எலி கடித்தது என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு எப்போதோ புரிந்துவிட்டிருந்தது. வந்த மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் தெருவில் சத்தம் கேட்டு ஓடினான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் அந்தப் பழைய டெஸ்ட் போனோடு, தெருமுனைக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். டெலிபோன் கம்பங்கள் அந்தத் தெருவில் போய் எத்தனையோ வருடமாகிறது. அது மின்சாரக் கம்பம். ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டார். தெருக்காரர்கள் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். "லைன் டெட்டா இருக்குங்க, பாத்துட்டு எறங்கிடறேன்" என்று அவர்களிடம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். காலைப் பிடித்தவர்களில் மலர்க்கொடியின் புருஷனும் ஒருவர்.

அன்று நானும் போயிருந்தேன். டேனி எங்களை ஹாலில் உட்கார வைத்தான். பிறகு சொன்னான். திண்டிவனம் பக்கத்தில், மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம் இருக்கிறதாம். நல்ல இடமாம், ஊருக்கு வரும் வழியிலேயே நேரில் போய்ப் பார்த்துவிட்டானாம். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாமாவுக்கு அன்று தெளிவான நாள். எல்லாம் புரிந்தது. "நான் பைத்தியமாடா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்லலப்பா."

"என் ஞாபகம் போயிடுச்சிங்கற. அதான?" பூட்டிக் கிடந்த போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுக்கு நம்பர் நாந்தான் வச்சேன். இத நானே தொறந்துட்டா நான் எங்கயும் வரமாட்டேன். நீ அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா?"

டேனி என்னைப் பார்த்தான். பிறகு, "சரிப்பா. நான் கெளம்பறதுக்குள்ள நீங்களே தொறந்துட்டீங்கன்னா நான் ஒன்னும் பேசல. மாதா மேல சத்தியம்" என்றான். அவன் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் நான் பார்த்ததை எந்த மனுஷனும் பார்க்கக் கூடாது. காலையில் எழுந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஐஸ் கம்பெனி, மில், கிளினிக் என்று ஒவ்வொன்றாக அடிப்பார். தப்பு, தப்பு, தப்பு. ஐந்து தப்புக்கு முப்பது நொடி காத்திரு என்றது போன். பிறகு நிமிடக் கணக்கில் காக்க வைத்தது. பிறகு மணிக் கணக்கில். கடைசியில் ஒரு தப்புக்கு ஒரு நாள் முழுக்க என்றாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு நம்பர். முந்தின நாள் முழுக்க யோசித்து, சாப்பாடு இறங்காமல், மறுநாள் காலையில் அந்த ஒன்றை அடிப்பார். தப்பு என்று வந்ததும் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்ப்பார்.

அக்காவும் ஒரு நாள் வாய்ப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே சிதம்பரம் பூத் நம்பரைச் சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்த பூத். கோடு, அப்புறம் மாமா வழக்கப்படி ஒரு 2, அப்புறம் ஐந்து இலக்கம். நான்தான் அடித்தேன். தப்பு. அக்கா முகம் சுருங்கிப் போனது. "அத எங்க ஞாபகம் வச்சிருப்பாரு" என்றாள்.

இன்னொரு நாள் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "பிலவேந்திரா, நீ எவ்ளோ போன் தொறக்கற. இதயும் எப்படியாவது தொறந்து ஒரு நம்பர வச்சிக் குடுடா. அவரே தொறந்தாருன்னு சொல்லிடலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்."

செய்திருப்பேன். சத்தியமாகச் செய்திருப்பேன். ஆனால் வெளியிலிருந்து என்னால் முடிந்தது ஒன்றுதான், மொத்தமாக அழிப்பது. அழித்தால் போன் காலியாகிவிடும், பார்த்ததும் டேனி கண்டுபிடித்துவிடுவான். அழித்த பிறகும் போன் பழைய மெயில் பாஸ்வேர்டைக் கேட்கும். அது மாமாவுக்கு ஞாபகமில்லை. மறந்துவிட்டது என்று அமுக்கினால், மீட்பதற்காகக் கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டு ரகசிய எண்ணைச் சொல்கிறேன் என்கிறது. மாமா அதற்குக் கொடுத்திருந்தது வீட்டு லேண்ட்லைனை. செல்போன் தொலைந்து போகும், லேண்ட்லைன் எங்கும் போகாது என்று நம்பியவர் அவர். அந்த லைனைத்தான் ஃபைபர் போட்ட அன்றே எடுத்துவிட்டோமே. எத்தனையோ வாடிக்கையாளரிடம் இதே விஷயத்தை அலட்சியமாக விளக்கியிருக்கிறேன். அக்காவிடம், "முடியாதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் விடியற்காலை டேனிக்கு விமானம். போன் அன்றைய ஒரு வாய்ப்பைக் கொடுக்க மத்தியானம் பன்னிரண்டாகும். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மாமா சிதம்பரம் போகலாம் என்று அடம்பிடித்தாராம். மூவரும் என் கடைக்கு வந்தார்கள். ஒரு துணிப்பையில் தன் டெஸ்ட் போனையும் கொண்டு வந்திருந்தார். அதைக் கம்பத்துக்குக் கொண்டுபோகாமல் இருக்க அக்கா ஒளித்து வைப்பதும், அவர் எடுத்து வைத்துக்கொள்வதுமாக இருந்த காலம் அது. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

பன்னிரண்டாயிற்று. போன் நம்பர் கேட்டு நின்றது. மாமா விரலைக் கொண்டுபோனார். பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வரல மச்சான்" என்றார். முதல் தடவையாக ரௌட்டர் மேல் பழி போடவில்லை. "தலைக்குள்ள எல்லாக் கம்பியும் இருக்கு. எது எங்க போவுதுன்னு தெரியல."

டேனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா பேச்சுக்காகத்தான் துணிப்பையிலிருந்து அந்த டெஸ்ட் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "மாமா, கம்பத்து மேல இருக்கீங்க. லைன டெஸ்ட் பண்ணணும். யாருக்குப் போடுவீங்க?"

அவர் முகம் மாறியது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கினார். தயக்கமில்லாமல் விரல் பொத்தான்களில் இறங்கியது. 0, 4, 1, 4, 4. சிதம்பரத்துக் கோடு. அப்புறம் ஐந்து இலக்கம். நின்றுவிட்டார்.

அக்கா ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டாள். "என் பூத்து" என்றாள்.

"அன்னைக்கே போட்டுப் பாத்தோமே அக்கா, எடுக்கலையே" என்றேன். பிறகு மாமாவிடம் கேட்டேன். "மாமா, முன்னாடி ரெண்டு போடலையே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய திமிர் அப்படியே இருந்தது. "அந்த பூத்துக்கு ஏதுய்யா ரெண்டு? ரெண்டு வர்றதுக்கு முன்னாடியே அத மூடிட்டானுங்களே. இல்லாத லைனுக்கு எவன் ரெண்டு போடுவான்?"

போனை அவரிடமே நீட்டினேன். 2 இல்லாமல் அந்தப் பத்து இலக்கத்தையும் அவரே அடித்தார். திறந்தது.

நான் கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து என்னவென்று பார்த்தார். டேனி ஓடிவந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். "ஜெயிச்சிட்டீங்கப்பா. நீங்க எங்கயும் வர வேணாம். நான் பேசவே மாட்டேன்" என்றான். அக்கா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். ஒரு வருடமாக அவளை அப்படி நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மாமா மட்டும் எங்களோடு சேரவில்லை. திறந்த போனை மேசைமேல் வைத்துவிட்டு, டெஸ்ட் போனை இன்னும் காதில்தான் வைத்திருந்தார். வயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "லைன் டெஸ்டிங். கேக்குதா?" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "கேக்குதா?"

அவர் போனை இறக்கிவிட்டு, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"ஏங்கம்மா, நீங்க இந்த ஊருதான? பஸ் ஸ்டாண்டு பூத்துல ராணின்னு ஒரு பொண்ணு இருக்கும். எப்பப் போட்டாலும் ஒடனே எடுக்கும். இன்னைக்கு எடுக்கல. அது எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அக்காவின் தோளைப் பிடித்தேன், அவள் என் கையை எடுத்துவிட்டாள். மாமாவுக்குப் பக்கத்தில் போய், அவர் கையிலிருந்த டெஸ்ட் போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இங்கதாங்க இருக்கு. இப்ப எடுக்கும், இருங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். அக்கா வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு, ஒரு வருடமாக எதைத் தவிர்ப்பதற்காகப் பொய்மேல் பொய் சொன்னாளோ அந்தப் பேச்சை அவளே எடுத்தாள்.

"டேனி, அந்த திண்டிவனத்து எடத்துல, பொண்டாட்டியும் கூடத் தங்கலாமான்னு கேளுப்பா."

டேனி தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "அத அன்னைக்கே கேட்டுட்டேன்மா" என்றான். "ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானாம்."